தெரியாமல் பட்ட கால்

போன மாதம் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தாளாளர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நான் காரமடைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். பிள்ளைகளுக்கு டேக்வாண்டோவும் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் அவர் அனுப்புவது பெரும்பாலும் ரோஜாப்பூவும் பொன்மொழியும்தான் என்பதால், திறக்காமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவது என் வழக்கம். அன்றைக்கு என்னவோ திறந்துவிட்டேன்.

ஓர் உள்ளரங்கம். தரையில் நீல விரிப்பு. வெள்ளை உடையில், நெஞ்சுக் கவசம் கட்டிய ஒரு பெண் நிற்கிறாள். அவள் கன்னம் ஒரு பக்கம் சிவந்திருக்கிறது. பூப்போட்ட சேலை கட்டிய ஓர் அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு விரிப்பின்மேல் ஏறி வருகிறாள். அந்தக் கன்னத்தை வலது கையால் தொட்டு, தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறாள். அரங்கமே கைதட்டுகிறது. கீழே எழுதியிருந்தது: 'வென்ற மகளின் கால் பட்டதற்காகத் தோற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்ட தாய். இதுதான் எங்கள் கொங்கு மண்ணின் மரியாதை. பகிருங்கள்.'

எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள். கணக்கு மிஸ் கூடவே ஒரு அழுகிற முகமும் போட்டிருந்தார்.

அந்த அம்மா என் அம்மா. பட்ட கால் என் கால். வீடியோவின் வலது ஓரத்தில் பாதி ஹெல்மெட்டும் ஒரு தோளும் தெரிகிறதே, அதுதான் நான். பல வருஷத்துக்கு முன்னால் அதை எடுத்தவர் யாரோ, உதையை எடுக்கவில்லை. உதைக்குப் பிறகு நடந்ததைத்தான் எடுத்தார். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அந்த உதைதான்.

எங்கள் ஊர் வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் தாத்தா ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அந்தத் தோட்டத்துக்காரர்கள் பிறகு தேங்காய்க் களம் போட்டார்கள், எண்ணெய் ஆலை வைத்தார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அப்பா டெம்போ ஓட்டக் கற்றுக்கொண்டு வாரத்தில் பாதி நாள் கேரளாவில் கிடந்தார். அம்மா மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். காலையில் களத்துக்காரர் வீட்டில் வாசல் கூட்டி, பாத்திரம் கழுவி, அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு, அப்புறம் களத்துக்குப் போய்த் தேங்காய் உடைத்துக் காயப்போடுவாள். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுக்கு இரட்டைச் சடை என் அம்மா கையால். எனக்கு என் கையால். அதனால் எனக்கு வகிடு எப்போதும் கோணல்தான்.

நான் டேக்வாண்டோவுக்கு வந்தது அரசாங்கத்தின் புண்ணியத்தில். அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை என்று சொல்லி மூன்று மாதம் வகுப்பு எடுக்க ஒரு மாஸ்டரை அனுப்பினார்கள். மூன்று மாதம் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் தற்காத்துக்கொண்டுவிட்டதாக முடித்துவிட்டார்கள். அந்த மாஸ்டர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காங்கயம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அவர் நடத்துகிற வகுப்புக்கு நான் வரலாம், பணம் வேண்டாம் என்றார்.

"உன்ற எடைக்கு அங்க ஒரு புள்ள இருக்குது கண்ணு. அதுக்கு ஜோடி இல்லாம கெடக்குது. பசங்களோட ஆடவுட அவிய ஊட்டுல ஒத்துக்க மாட்டீங்கறாங்க."

அந்தப் புள்ள யார் என்று போனபிறகுதான் தெரிந்தது. களத்துக்காரர் வீட்டுப் பெண். மண்டபமும் அவள் அப்பாவுடையதுதான். ஆக, அம்மா காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள், மகள் சாயங்காலம் அவளிடம் உதை வாங்குவாள். குடும்பத் தொழில்.

டேக்வாண்டோ கொரியாவில் பிறந்தது. அங்கே ஒருவர்மேல் கால் பட்டால் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. நம் ஊரில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் பட்டாலும், காசில் பட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்மேல் பட்டாலும் கை தானாகக் கீழே போகும். நடக்கப் பழகும்போதே பழகினது. இதுவோ முழுக்க முழுக்கக் காலால் ஆடுகிற ஆட்டம். கையால் குத்தினால் ஒரு புள்ளி, காலால் நெஞ்சில் உதைத்தால் இரண்டு, தலைக்குப் போட்டால் மூன்று. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். உதைக்கிற காலைப் பற்றி நம் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லோருமே ஒரே தப்பைச் செய்வார்கள். உதைப்பார்கள், கால் பட்டவுடன் குனிந்து எதிரியைத் தொடப் போவார்கள். கை இறங்கிய அந்த நேரத்தில் எதிரி தலைக்குப் போட்டுவிடுவான். மாஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஜோடி சேர்ந்து ஸ்பாரிங் ஆடும்போது இரண்டு கையிலும் பழைய சாக்ஸைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாக்ஸ் கீழே விழுந்தால் தண்டால். கையில் சாக்ஸ் இருந்தால் தொட முடியாது, கண்ணில் ஒற்றவும் முடியாது, நாற்றம் அப்படி. இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் போய்விடும். பொடிப்பசங்களோடு ஆடும்போது எனக்கும் போய்விட்டது. களத்துக்காரர் வீட்டுப் பெண்ணோடு ஆடும்போது மட்டும் மாதக்கணக்கில் சாக்ஸ் விழுந்துகொண்டே இருந்தது. நான் எடுத்த தண்டாலுக்கு அந்த மண்டபத்துத் தரையே பள்ளமாகியிருக்க வேண்டும்.

அவளுக்கு முதல் நாளிலிருந்தே சாக்ஸ் தேவைப்படவில்லை. என் வயிற்றில் உதைத்தாள், "சாரி" என்றாள், அடுத்த உதைக்கு நின்றாள். அவள் கெட்டவள் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள், நன்றாக ஆடினால் வாய்விட்டுச் சொல்வாள். ஒரு நாள் இடைவேளையில் என்னிடம் கேட்டாள்.

"நீ ஏன் தலைக்கே போடமாட்டீங்கற? பயமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. எனக்கு வராதுங்க."

கொங்குத் தமிழைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுவோமாம். உண்மைதான். எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுகிறோம், அதனால் கேட்கிறவர்களுக்கு எல்லோரும் ஒன்றுபோலத் தெரியும். யார் யாருக்கு 'ங்க' போடாமல் விடலாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணை என் அம்மா 'சொல்லுங்க அம்மணி' என்பாள். அந்தப் பெண் என் அம்மாவை 'சீக்கிரம் பின்னு' என்பாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான். அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குத் தலை உதை வராது என்று நான் சொன்னது பொய். மாஸ்டர் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"நெஞ்சோட நிறுத்திக்க கண்ணு. அவிய அப்பாரு மண்டபம் குடுத்திருக்கறாரு. மூஞ்சி கீஞ்சி வீங்கிப்போச்சுன்னா நாளைக்கு நாம எங்க போறது?"

'நாம' என்றாரே, அதில் நானும் உண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் 'சரியோத்' என்று கத்துவார், நிமிர்ந்து நிற்போம். 'கியோங்ரே' என்பார், எதிரிக்குக் குனிந்து வணங்குவோம். எதிரியை மதிக்கிறதுதான் இந்தக் கலை என்று வாரத்துக்கு ஒருமுறை பிரசங்கம் வேறு. எதிரியை மதிப்பது என்றால் அவளை முழுசாக அடிப்பது என்று எனக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

ப்ளஸ் டூ வருஷத்தில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் மண்டலத் தேர்வுப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒருவர்தான் மாநிலத் தேர்வுக்குப் போகலாம். மாநில அணியில் இடம் கிடைத்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று மாஸ்டரே சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் எனக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். களத்துக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த மெடல் கழுத்தில் ஒரு அழகு. எனக்கு அதுதான் வழி. இருவரும் ஒரே எடை. வேறு எடைக்கு மாறிக்கொள்கிறாயா என்று மாஸ்டர் என்னிடம்தான் கேட்டார், அவளிடம் கேட்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கு என்றார். எங்கள் வீட்டில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்து, "பாக்கறனுங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். இறங்கவில்லை.

தலை உதையை நான் வீட்டில்தான் பழகினேன். களத்திலிருந்து அம்மா கொண்டுவந்த கோணிச் சாக்கில் தேங்காய் நார் அடைத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். அம்மா கோணி ஊசியால் அதன் வாயைத் தைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்து நானும் சொல்லவில்லை. உதைத்து உதைத்துக் கயிறு தொய்ந்து சாக்கு கீழே இறங்கிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மேலே இழுத்துக் கட்டியிருக்கும். ஆடு முட்டாமல் இருக்கக் கட்டிவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் அந்தச் சாக்குதான் எனக்கு எதிரி. களத்துக்காரர் வீட்டுப் பெண்ணிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்னே பாய்ந்து உதைக்கும்போது இடது கையைக் கீழே விட்டுவிடுவாள். அவ்வளவு காலம் அவளிடம் உதை வாங்கியவளுக்குத்தானே அது தெரியும். அந்தக் கை இறங்குகிற நொடிக்கு என் வலது கால் மேலே இருக்க வேண்டும். சாக்கின் ஓரத்தில் கரியால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் மட்டும் பாதத்தின் மேல்பக்கம் படும்படி பழகினேன். நெற்றிக்கும் இல்லை, கழுத்துக்கும் இல்லை, ஹெல்மெட்டின் விளிம்புக்குக் கீழே.

கோயமுத்தூருக்கு அவர்கள் காரில்தான் போனோம். பெண் பிள்ளைகளோடு ஒரு பொம்பளை வேண்டும் என்று என் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். நானும் அம்மாவும் பின்னால் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்தோம். போய்ச் சேர்ந்ததும் அரங்கத்து வாசலில் வைத்து, ஹெல்மெட் ஒழுங்காக உட்காருவதற்காக அந்தப் பெண்ணுக்கு அம்மா சடையைத் தணிவாகப் பின்னிவிட்டாள். பின்னி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் தலையை நானே முடிந்துகொண்டிருந்தேன். மாஸ்டர் அம்மாவைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். போட்டியில் விட்டுக்கொடுக்கச் சொல்லித்தான் இருக்கும். அம்மா வந்து சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா என்னிடம் வந்து, "நல்லா வெளையாடு சாமி" என்றாள், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஜெயித்து ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். நீலக் கவசம் எனக்கு, சிவப்பு அவளுக்கு. முதல் ரவுண்டும் இரண்டாவதும் மண்டபத்தில் ஆடின மாதிரியே போயின. அவள் பாய்வாள், நான் வாங்குவேன், நெஞ்சுக்கு ஒன்று திருப்பிக் கொடுப்பேன். அவள் அப்பா பார்வையாளர் வரிசையிலிருந்து எனக்கும் சேர்த்துத்தான் கைதட்டினார். மூன்றாவது ரவுண்டு முடியப்போகிற நேரத்தில் அவள் இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள். பாய்ந்தாள். இடது கை இறங்கியது. என் கால் கரிக்கோடு இருந்த இடத்துக்குப் போனது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். நடுவர் கொரிய மொழியில் எண்ணத் தொடங்கினார், எண்ணி முடிப்பதற்குள் எழுந்து நின்றாள். மூன்று புள்ளி எனக்கு. நேரம் முடிந்தது. நடுவர் என் கையைப் பிடித்துத் தூக்கினார். குனிந்து வணங்கிக்கொண்டோம். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடி என்னிடம் வந்து, "சூப்பர்டி, எங்கடி பழகுன?" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு சமானப்பட்டவளைக் கூப்பிடுகிற 'டி'. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போதுதான் அம்மா விரிப்பில் ஏறினாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்து ஒரு அடி முன்னே வைத்தேன். அம்மா என்னைத் தாண்டிப் போனாள். அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அறியாப்புள்ள. தெரியாம கால் பட்டுருச்சுங்க."

களத்துக்காரர் வீட்டுப் பெண், தினமும் காலையில் பின்னத் தலையைக் கொடுத்து நிற்பதுபோலவே நின்றாள். அவள் அப்பா கீழே இறங்கி வந்தார். "அட, அதுக்கென்னங்க? வெளையாட்டுன்னா அப்படித்தானுங்களே" என்றார், என் அம்மாவுக்கு 'ங்க' போட்டு. அரங்கம் எழுந்து நின்று தட்டியது. நடுவர் என் கையைத் தூக்கியபோது தட்டியதைவிடப் பலமாகத் தட்டியது. யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

தெரியாமல். மூன்று மாதம், கரிக்கோடு, விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை இடம். அதைத் தெரியாமல் பட்ட கால் என்று ஊரறியச் சொல்லிவிட்டாள். தோற்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. திரும்பி வரும்போது காரில் யாரும் என்னைத் திட்டவில்லை. வழியில் நிறுத்தி எல்லோருக்கும் இளநீர் வாங்கிக்கொடுத்தார்கள், எனக்கும்தான். வழிநெடுக அம்மாவின் குணத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பெண் மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு ஸ்கூல் இருக்குதா உனக்கு?" என்று கேட்டாள். 'டி' இல்லை. அது அந்த விரிப்பிலேயே கிடந்துபோயிற்று.

மறுநாள் காலையில் அம்மா களத்துக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது வழிமறித்துக் கேட்டேன்.

"எதுக்கும்மா அப்படிப் பண்ணுன? நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்?"

அம்மா தூக்குப்போசியில் பழைய சோற்றை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீ ஒதைச்சுப்போட்டு மெடலோட ஊட்டுக்கு வந்துட்ட. இன்னிக்குக் காலைல அந்த வாசலக் கூட்ட நாந்தான போகோணும்?"

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன? பல வருஷம் அம்மாவோடு நான் தேவைக்கு மட்டும்தான் பேசினேன்.

மாநிலத் தேர்வுக்குப் போனேன். போட்டியில் கையில் சாக்ஸ் பிடிக்க விடமாட்டார்கள். முதல் ஆட்டத்தில் எதிரே தெற்கத்திப் பெண் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், யாரென்றே தெரியாது. தலைக்கு ஒரு வாய்ப்பு வந்தது, போட்டேன். சரியாகப் படாமல் அவள் தோளில் பட்டது. பட்டவுடன், எப்போதோ விட்டுப்போயிருந்த பழக்கம், என் வலது கை அவள் தோளைத் தொடப் போனது. அவள் காத்திருந்தாள்போல. அதற்குப் பிறகு நடுவர் எண்ணியது மட்டும்தான் காதில் விழுந்தது. தோற்றது என்னால்தான், அம்மாவால் இல்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். முழுசாக நம்ப முடிந்ததில்லை.

பனியன் கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறினேன். பனியனில் ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங்கில் இரண்டு வருஷம் நின்றேன், அப்புறம் சொந்தமாகப் பணம் கட்டிப் படித்து பி.டி. மிஸ் ஆனேன். களத்துக்காரர் வீட்டுப் பெண் அந்த வருஷத்தோடு டேக்வாண்டோவை விட்டுவிட்டாள். வெளிநாட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. இங்கே என் வகுப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு கையிலும் சாக்ஸ் கொடுக்கிறேன். சில அம்மாக்கள் வந்து சண்டை பிடிப்பார்கள், கால் பட்டால் கும்பிடுகிற நல்ல பழக்கத்தை மிஸ் கெடுக்கிறார் என்று. கெடுக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல வாய் வரும். "வெளையாட்டுல மட்டும்தானுங்க" என்று சொல்லி அனுப்பிவைப்பேன்.

வீடியோ வந்த அன்று மத்தியானம் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"வீடியோ பாத்தீங்களா மிஸ்? ஆனுவல் டேயில நம்ம புள்ளைக ஸ்பாரிங் பண்றாங்கல்லங்க? முடிஞ்சதும் இதே மாதிரி ஒரு அம்மா மேடையேறி வந்து, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கற மாதிரி வெச்சரலாமுங்க. பேரண்ட்ஸ் உருகிப்போயிருவாங்க."

"சார், அது எங்கம்மாங்க."

மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்படீங்களா? இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே மிஸ். அப்ப அவங்களையே கூட்டிட்டு வந்துருங்க. சால்வ போட்டு மரியாத பண்ணிரலாம்."

வென்ற மகள் நீங்கள்தானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் சால்வைக்கு யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா களத்துக்குப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகிறது. வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இன்னொருதரம் போடச் சொன்னாள்.

"நீ எங்க கண்ணு இதுல?"

ஓரத்தில் இருந்த பாதி ஹெல்மெட்டைக் காட்டினேன். அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். தாளாளர் கூப்பிட்டதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தனை வருஷக் கோபமும் கிளம்பிவிட்டது.

"அது தெரியாம பட்ட காலில்லம்மா. மூணு மாசம் சாக்குல பழகிப் பழகி, பாத்துத்தான் போட்டேன். ஊருக்கெல்லாம் தெரியாமன்னு சொல்லிப்போட்ட."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. தலையைத் தூக்கவில்லை. "அந்தச் சாக்கத் தெனமும் எடுத்துக் கட்டுனது ஆருன்னு நெனச்ச? நீ மொதல்ல கட்டுனப்ப ரெண்டு விரக்கடை ஒசந்து போயிருந்துச்சு. அந்த அம்மணிக்குத் தெனமும் தலை பின்னுனவ நானு. அவிய மூஞ்சி எந்த மட்டத்துல இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாந்தான் எறக்கிக் கட்டுனேன்."

கரிக்கோடு நான் போட்டது. அதன் உயரம் அம்மா வைத்தது. அந்த உதையில் பாதி அவளுடையது, அதையும் சேர்த்துத்தான் தெரியாமல் பட்டதாக அன்றைக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பறம் ஏம்மா?"

"எம்புள்ள தெரிஞ்சுதான் ஒதைச்சுதுன்னு சொல்லச் சொல்றியா?" என்றாள். உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு, "அங்க வந்தா மறுக்காவும் அதத்தான் பண்ணச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வேண்டாம் கண்ணு. எனக்கு முட்டி வலின்னு சொல்லிரு."

திங்கட்கிழமை தாளாளரிடம் போய், அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியாது என்று சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. அப்புறம் சரியாகிவிட்டது.

"பரவால்லீங்க மிஸ். நம்ம ஸ்கூல் ஆயாம்மா இருக்கறாங்கல்ல, அவங்கள வெச்சுப் பண்ணிக்கலாம்."